படுத்துக் காட்டும் வேலை

அந்த ஓட்டலில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். துணி தேய்ப்பது அவள் வேலையில்லை. அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் அவள் சூப்பர்வைசர். அவள் கை பட்ட படுக்கையில் எறும்பு ஏறினால் வழுக்கி விழும் என்று லாண்டிரிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் கேலியாகத்தான் சொன்னார்கள். அவள் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டாள்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் அவள் கை சும்மா இருக்காது. நலம் விசாரித்துக்கொண்டே கட்டிலோரம் தொங்கும் போர்வையை இழுத்துச் செருகிவிட்டுத்தான் உட்காருவாள். அவள் கணவன் அதே ஓட்டலில் வேன் ஓட்டுகிறவன். காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வருவதற்குள் படுத்திருந்த இடம் தெரியாமல் போய்விடும் அவனுக்கு. தன் வீட்டிலேயே தான் காலி செய்துவிட்டுப் போன ஆள் மாதிரி இருப்பதாக அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவான்.

இத்தனைக்கும் கூட்டம் என்று கூப்பிட்டால் இஸ்திரி அக்கா வாயில்லாப் பூச்சி. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் சட்டைக் காலர் கோணியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் அந்த வருடம் கையைத் தூக்கினாள்.

வருடத்துக்கு ஒருமுறை ஓட்டல் சார்பில் ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்பது முதலாளியம்மாவின் ஏற்பாடு. ஒரு வருடம் பள்ளிப் பைகள் கொடுத்தார்கள். இன்னொரு வருடம் தெரு முழுக்கச் செடி நட்டார்கள். அந்தச் செடிகளில் பாதி போட்டோவோடு சரி. இந்த முறை என்ன செய்யலாம் என்று மேனேஜர் ஊழியர்களையே கேட்டார். கிச்சன்காரர்கள் விருந்து என்றார்கள். ரிசப்ஷனில் நிற்பவர்கள் ஓட்டப்பந்தயம் என்றார்கள். அப்போதுதான் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மேனேஜர் அவள் பாத்ரூம் போக அனுமதி கேட்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அவள் எழுந்து, தரையைப் பார்த்தபடி, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பெற்றவளை வார்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள், குழந்தை உள்ளேயே இருக்கும். பால் கொடுக்கும் நேரத்துக்கு உள்ளே போகலாம். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிதான். பிள்ளை பெற்ற உடம்போடு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மிடம் காலி அறைகள் இருக்கின்றனவே.

இது அவள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயமில்லை. இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டு வாய்க்கு வாய் பேசும் அவள் மகளும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவள்தான். அந்த நாற்காலி முதுகில் எந்த இடத்தில் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். போதாததற்கு அவளுடைய நாத்தனார் அந்த வார்டில்தான் நர்ஸ். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "உங்க ஓட்டல் ஜன்னல்ல எல்லாம் லைட்டு எரியல அண்ணி, உள்ள காத்தாடுதா?" என்று கேட்டுக் கேட்டு அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. யோசிக்கிறவர். லாண்டிரிப் பக்கம் பார்த்த மூன்று அறைகளை ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அறைக்கு இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் சோப்பு வாசனையோடு ஆவி வரும் என்பதால் அவை சுலபத்தில் விலை போகாத அறைகள். மாதக் கடைசியில் முதலாளியம்மா நேரில் வந்து பார்ப்பார். அறைகள் உண்மையிலேயே பயன்பட்டால் நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு முதுகில் ஓட்டல் பெயர் எழுதிய புது நாற்காலிகள் வாங்கிக் கொடுக்கலாம். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் இஸ்திரி அக்காவுக்கு நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதுமே முதுகு வலித்தது.

அந்த மூன்று அறைகளை அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. இருப்பதில் புது விரிப்பாக எடுத்து வந்தாள். மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெரிய அறைகளுக்கு மட்டும் செய்வதுபோல் துண்டை மடித்து அன்னம் செய்து ஒவ்வொரு கட்டிலின் நடுவிலும் உட்கார வைத்தாள். நாத்தனார் வார்டில் சொல்லி அனுப்பினாள். தாய்மார் வந்தார்கள், சாவி வாங்கினார்கள், மேலே போனார்கள்.

மறுநாள் காலை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு போய்ப் பார்த்தால் படுக்கை அப்படியே இருந்தது. அன்னங்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. சோப்பு பிரிக்கப்படவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. பாத்ரூம் தரை மட்டும் அவள் துடைத்ததைவிடப் பளபளப்பாக இருந்தது.

"உங்க கெஸ்ட்டு வந்தாங்களா, இல்ல ஆவி வந்துட்டுப் போச்சா அக்கா?" என்று கேட்டான் கோணல்.

கோணல் என்பது அவனுக்கு வைத்த பெயர். நாற்பது வயதுக்காரன், முன்பு ஏதோ கிடங்கில் மூட்டை அடுக்கியவன். அவன் விரிக்கும் படுக்கை எப்போதும் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும். அவன் விரித்துவிட்டுப் போக, பின்னாலேயே இஸ்திரி அக்கா போய்ப் பிரித்து மறுபடி விரிப்பாள். இரண்டு சம்பளத்தில் ஒரு படுக்கை என்று அவள் கணவன் இதையும் தன் புலம்பலில் சேர்த்திருந்தான்.

மேனேஜரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. குழந்தையை விட்டு வர மனம் இல்லாமல், மேலே வந்து முகம் கழுவிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள் போலிருக்கிறது. அவர்களுக்குத் தேவைப்படாததை நாம் வற்புறுத்திக் கொடுக்க முடியாது என்றார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு எண்ணம் அரித்தது: நான் விரித்த படுக்கையில் என்ன குறை கண்டார்கள்?

வீட்டில் நாத்தனாரைப் பிடித்துக் கேட்டாள். அவளோ சத்தியம் செய்தாள். எல்லாரும் ரூமில் நன்றாகத் தூங்கியதாகத்தான் சொல்கிறார்களாம்.

"அப்ப எங்கடி தூங்கினாங்க, பரண்மேலயா?"

"அதை ஏன் எங்கிட்ட கேக்கறீங்க? மெத்தை உங்க டிபார்ட்மென்ட், பிள்ளைதான் என் டிபார்ட்மென்ட்."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக இஸ்திரி அக்கா போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவள் சின்னப் பெண். தலைப்பிள்ளைக்காரி. எப்போதும் ஒரு பச்சைச் சால்வையைப் போர்த்தியிருப்பதால் நாத்தனார் அவளைப் பச்சை என்றே சொல்வாள். அப்போது அந்தச் சால்வை அவள் தோளில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் விரித்துக் கிடந்தது. தலைமாட்டில் கைப்பையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

வந்தவளின் யூனிஃபாரத்தைப் பார்த்ததும் பச்சை பயந்துபோய்ச் சால்வையைச் சுருட்டி எடுத்தாள்.

"மெத்தைமேல கை வைக்கலக்கா. வேணும்னா பாருங்க. பாத்துக்கிட்டே கீழ படுத்திருந்தேன், அவ்வளவுதான்."

இஸ்திரி அக்கா ஏன் என்று கேட்டாள். பச்சை தயங்கித் தயங்கிச் சொன்னாள். இவ்வளவு இழுத்துக் கட்டி, பொம்மை எல்லாம் வைத்து அலங்காரம் செய்திருக்கிறது. காசு கொடுத்து வருகிறவர்களுக்காக வைத்ததாக இருக்கும். கலைத்துவிட்டால் திருப்பி இதே மாதிரி வைக்கத் தனக்குத் தெரியாது. முதல் நாள் மெத்தைக்கடியில் செருகியதை இழுக்கப் பார்த்தாளாம், வரவில்லையாம். பூட்டி வைத்திருக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டாளாம்.

பச்சையோடு தங்கியவளுக்கும், மற்ற இரண்டு அறைகளிலும் இதே கதை. ஒருத்தி ஜன்னலோரம், ஒருத்தி அலமாரி ஓரம். படுத்த இடத்தைப் பெருக்கி, பாத்ரூமைத் துடைத்து, தாங்கள் வந்த சுவடே தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓட்டல் மேல் வைத்த மரியாதையை அவர்கள் அப்படித்தான் காட்டினார்கள்.

கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று இஸ்திரி அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள். மறுநாள் பச்சையின் கட்டிலோரத்தில் ஒரு கை அகலத்துக்குச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. "நீங்க சொன்னீங்களேன்னு கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தேன்க்கா" என்றாள் அவள். மற்றபடி சால்வை தரையில்தான். அன்னத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள் இஸ்திரி அக்கா. விரிப்பைச் செருகாமல் தொங்கவிட்டுப் பார்த்தாள். கதவு வரைக்கும் போனவளின் கால் திரும்பி வந்தது, கை தானாகச் செருகிவிட்டது. தொட்டில் பழக்கத்தைச் சொல்வார்கள், இது கட்டில் பழக்கம்.

இப்படியே மாதம் கரைந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் முதலாளியம்மா வருகிறார் என்று மேனேஜர் சொன்னார். நாற்காலிக்கு விலை விசாரித்தாகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கோணலைக் கூப்பிட்டாள். அந்த அறைகளுக்கு அவனே படுக்கை விரிக்கட்டும், வழக்கம்போல விரிக்கட்டும். பார்த்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வருகிறவளுக்குப் பயம் இருக்காது. உலகத்திலேயே அந்த வேலைக்கு அவனைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

கோணலின் முகம் மாறிவிட்டது.

"காசு குடுக்கறவனுக்கு நேரா போடணும், இல்லாதவங்களுக்குக் கோணலா போடணுமா? நல்லா இருக்கே நியாயம். மத்த நாள்ல எனக்கு வர்றது அவ்வளவுதான்க்கா. ஆனா வேணும்னே நான் கோணலாப் போட மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ரோஷத்தோடு போய், நாக்கைக் கடித்துக்கொண்டு, அத்தனை கட்டிலையும் இழுத்துக் கட்டிவிட்டு வந்தான். இஸ்திரி அக்கா போய்ப் பார்த்தாள். அவன் வாழ்க்கையிலேயே நேராக விரித்த படுக்கை அன்றைக்குத்தான் அமைந்தது. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் திட்டி வராதது, திட்டாமல் கேட்டதில் வந்துவிட்டது.

பச்சையின் அறையில் அவள் தனியாக நின்றாள். இன்னொரு கட்டிலுக்குரியவள் பிள்ளையோடு முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். பச்சை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். விரிப்பைக் கசக்கிப் பார்த்தாள் இஸ்திரி அக்கா. செயற்கையாக இருந்தது, கோழி கிளறிய மாதிரி. படுத்து எழுந்த படுக்கைக்கு ஒரு தனி அமைப்பு உண்டு, தலையணையில் ஒரு குழி, நடுவில் ஒரு பள்ளம், காலடியில் ஒரு சுருட்டல். தினம் தினம் அதைக் கலைத்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? அது வேண்டுமென்றால் ஒரு ஆள் படுத்தாக வேண்டும்.

ஓட்டல்காரர்கள் விருந்தாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வேலை போய்விடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே முதல் பாடமாக அதைத்தான் சொல்வாள்: கட்டில் கெஸ்ட்டுக்கு, தரை நமக்கு. இத்தனை ஆயிரம் படுக்கை விரித்தவள் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. பச்சைக்கு இருந்த பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அதே பயத்தைத்தான் இவளும் யூனிஃபாரத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றினாள். கதவைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு குளத்தில் இறங்குவதுபோல் ஏறிப் படுத்தாள்.

ஒரே நிமிடம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மெத்தை அவளை அப்படியே வாங்கிக்கொண்டது. அட, இவ்வளவு சுகமா இது? விருந்தாளிகள் காலையில் எழுந்திருக்க ஏன் அத்தனை பாடு படுத்துகிறார்கள் என்று புரிந்தது. லாண்டிரிப் பக்கமிருந்து சோப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. நாளைக்கு எந்த விரிப்பை எடுப்பது என்று யோசித்தாள். பாதி யோசனையில் தூங்கிப்போனாள்.

டெலிபோன் மணி அடித்தது. படுத்தபடியே கை நீட்டி எடுத்தாள்.

"ஹவுஸ்கீப்பிங், வணக்கம்."

எதிர்முனையில் நாத்தனாரின் குரல் கேட்டது. "அண்ணி? பால் குடுக்க நேரமாச்சுன்னு பச்சையைக் கூப்பிட்டா, நீங்க எடுக்கறீங்க. அங்க என்ன பண்றீங்க?"

இஸ்திரி அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டிலில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, பச்சை அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். விரிப்பு ஒரு பக்கம் முழுக்க அவிழ்ந்து தரையில் தொங்கியது. இஸ்திரி அக்காவின் கை அதைச் செருகப் போய், நின்றது. எழுப்பவே மனம் வரவில்லை. ஆனால் அங்கே ஒரு குட்டி வயிறு காத்திருந்ததே.

கண்விழித்த பச்சை இந்த முறை பயப்படவில்லை. சோம்பல் முறித்தாள்.

"வந்து பாத்தா நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க. யூனிஃபாரம் போட்டவங்களே படுக்கறாங்கன்னா, இது தூங்கறதுக்குத்தான்னு தெரிஞ்சுது. நானும் ஏறிட்டேன்."

"நான் குறட்டை விடமாட்டேன்" என்றாள் இஸ்திரி அக்கா. சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

பச்சை கையால் தலையைக் கோதிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னாலேயே அறையை விட்டு வெளியே வந்த இஸ்திரி அக்கா, கதவின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்தாள். தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய அட்டை. அவள் மாட்டவில்லை. பச்சைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வராந்தாவில் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு கோணல் நின்றிருந்தான். விஷயத்தைச் சொல்ல அவனுக்கு நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாராம். மேனேஜர் தட்டினாராம், பதில் இல்லையாம், தன்னிடமிருந்த சாவியால் திறந்தாராம். உள்ளே பார்த்தால் இரண்டு கட்டிலிலும் இரண்டு பேர். ஒன்று தாய், ஒன்று சூப்பர்வைசர். மேனேஜர் முகம் வெளுத்து, எழுப்பப் போனாராம். முதலாளியம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாராம்.

"கதவைச் சாத்துங்கன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. அந்த அட்டையை அவங்களே மாட்டினாங்க. அப்புறம் நுனிக்கால்ல நடந்து போனாங்க பாருங்க, பூனை தோத்துது போங்க."

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் போனாள். கணவன், வேன் சம்பளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். தரையில் விரித்த சால்வை, இழுத்தும் வராத விரிப்பு, கோணலின் ரோஷம், எல்லாம். மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், இத்தனை நாளும் கலையாத படுக்கையைப் பார்த்துத் தானும்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அறைகள் இனி அவர்களுக்கே, முதலாளியம்மா நேற்றே சொல்லிவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு சந்தேகம். புதுசா வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் இப்படிப் படுத்துக் காட்டணுமா?"

"ஆமா சார்."

"அப்ப அதுக்கு ஒரு ஆள் போடணுமே."

ஆள் போட வேண்டியதாயில்லை. செய்தி பரவியதும் ஹவுஸ்கீப்பிங் பிரிவு முழுவதும் வரிசையில் நின்றது. இதுவரை ஊருக்கு நல்லது செய்ய இத்தனை ஆர்வத்தை அந்த ஓட்டல் கண்டதில்லை. லாண்டிரியிலிருந்துகூட இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். தாய்மார் தங்கும் அறை என்பதால் ஆண்களுக்கு இடமில்லை என்றதும் கோணல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். தகுதியுள்ளவனுக்கு இந்தக் காலத்தில் மதிப்பில்லை என்றான்.

பச்சையின் பிள்ளை கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்த நாளில், அவள் ஊருக்குப் புறப்படும் முன் ஓட்டலுக்கு வந்தாள். கணவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான். பிள்ளையைப் பார்க்க எல்லாரும் அந்த அறைக்குள் கூடிவிட்டார்கள். நாத்தனார், தானே பெற்ற மாதிரி எடையைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அடுத்து வரப்போகிறவளுக்காக இஸ்திரி அக்கா அப்போதுதான் படுக்கை விரித்து முடித்திருந்தாள். பச்சை யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலின் நடுவில் பிள்ளையைக் கிடத்தி, சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள்.

பிள்ளை எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு விரிப்பை நனைத்தது.

எல்லார் கண்ணும் இஸ்திரி அக்காவின் மேல். கோணல் மட்டும், "இந்த வாட்டி நான் இல்லக்கா" என்றான். பச்சை சிரித்துக்கொண்டே, வேறு விரிப்பு எங்கே என்று கேட்டாள், தானே மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

"நீ பிள்ளையைப் பிடி. லாண்டிரிக்காரங்க பின்ன எதுக்கு இருக்காங்க?" என்றாள் இஸ்திரி அக்கா.

ஆனாலும் பச்சை விடவில்லை. பிள்ளையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு மறுபக்கம் நின்று பிடித்தாள். இருவருமாகப் புது விரிப்பை விரித்தார்கள். பச்சையின் பக்கத்து மூலை கோணலைத் தோற்கடிக்கும் கோணலாக வந்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இஸ்திரி அக்கா மனதாரச் சொன்னாள். லிஃப்ட் வரை போய் வழியனுப்பினாள். கதவு மூடி, விளக்கு கீழ்த்தளத்தைக் காட்டும்வரை நின்றாள்.

திரும்பி வந்து அந்த மூலையைப் பிரித்துச் சரியாகச் செருகினாள். ரிசப்ஷனிலிருந்து டெலிபோன் வந்தது. புதிதாக ஒரு பெண் சாவி வாங்கிக்கொண்டு மேலே வருகிறாள், ரொம்பவும் கூச்சப்படுகிறாள் என்றார்கள். இஸ்திரி அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்தாள்.